பொருள் எண் பதினான்கு

ஜெபசிங் வாசித்துக்கொண்டிருக்கிறார். பொருள் ஏழு. பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் இந்தக் குரல் வந்துவிடுகிறது, தூங்குகிறவனை எழுப்பாமல் தாண்டிப் போகிற குரல். சிண்டிகேட் கூட்டம். காலை பதினொன்று. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர், தலைமாட்டில் துணைவேந்தர் நான். தட்டில் வடை, முந்திரி. ஏசி நேராக என் பிடரியில் அடிக்கிறது. இரண்டரை வருஷமாகத் திருப்பச் சொல்கிறேன், திருப்பவில்லை. ஒரு ஏசியைத் திருப்ப முடியாதவன் பல்கலைக்கழகத்தை எங்கே திருப்புவது. திருப்பிவிட்டேன் என்றுதான் பேப்பரில் போட்டார்கள். பட்டமளிப்பில் கறுப்பு அங்கியை எடுத்தேன். முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கும் வெள்ளித் தடியை எடுத்தேன். இந்த மேசையிலிருந்து இங்கிலீஷை எடுத்தேன், அஜெண்டா முழுக்கத் தமிழ். ஆட்சிமுறைக் காலனிய நீக்கத் திட்டம் என்று அதற்கு ஒரு பெயர். பெயர் நான் வைக்கவில்லை, சாப்பிடும்போது சொன்னால் புரையேறும். செய்தது நான். பச்சை மையை மட்டும் விட்டுவிட்டேன். துணைவேந்தர் கையெழுத்து பச்சையில். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்தான். கை கேட்கவில்லை, விட்டுவிட்டேன். பொருள் எட்டு. உறுப்புக் கல்லூரி ஒன்றில் கழிப்பறை. "ஏற்கலாமாய்யா?" ம். மேசையில் இரண்டு விரல் தட்டல்கள். ஏற்கப்பட்டது. பொருள் ஒன்பது.

கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அஜெண்டாப் புத்தகத்தின் பின்பக்கம் போனேன். இணைப்புகள். யாரும் படிக்காத பக்கங்கள், நானும் படித்ததில்லை, கோப்பு மேலே வரும்போது கடைசிக் குறிப்பைப் பார்ப்பேன், குறிப்பில் கண்டவாறு என்று எழுதிப் பச்சையில் போடுவேன். அப்படித்தான் எல்லோரும் போடுகிறோம். குமாஸ்தா எழுதுவான், கண்காணிப்பாளர் சரி என்பார், பதிவாளர் சரி என்பார், நான் சரி என்பேன், நாலு சரி சேர்ந்தால் தப்பு இருக்காது என்று ஒரு நம்பிக்கை. பக்கம் அறுபத்தொன்று. பொருள் எண் பதினான்குக்கான இணைப்பு. சு. முத்துப்பேச்சி, முனைவர் பட்ட ஆய்வாளர், நிலவியல். ஆய்வேடு சொந்த எழுத்து அல்ல எனக் கருவி கண்டறிந்ததால் பதிவு ரத்து. நிலவியல் என்றதும் நின்றேன். செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய முப்பத்துநாலு ஊர்க் கிணறுகளில் உவர்நீர் ஏற்றம், தலைப்பு தமிழில். அறிவியல் ஆய்வேடு தமிழில். என் சுற்றறிக்கை. விரும்பும் ஆய்வாளர் எத்துறையிலும் தமிழில் எழுதலாம், பல்கலைக்கழகம் துணை நிற்கும். நின்றது பார். கீழே கருவியின் அறிக்கை, பொடி எழுத்து. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தேன். ஆய்வேடு தமிழில் இருப்பதால் முதலில் தானியங்கி முறையில் ஆங்கிலமாக்கப்பட்டு, பின் பரிசோதிக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதியதற்கான வாய்ப்பு தொண்ணூற்றுநாலு விழுக்காடு. படித்தேன். அடுத்த வரிக்குப் போனேன். போக முடியவில்லை, திரும்பி வந்தேன். முதலில் ஆங்கிலமாக்கப்பட்டு. யாரால். தானியங்கி முறையில். அப்படியானால் அந்த இங்கிலீஷை எழுதியது யார். எந்திரம். பிறகு அந்த இங்கிலீஷைப் பார்த்து இது எந்திரம் எழுதியது என்று சொன்னது யார். எந்திரம். சரியாகத்தானே சொல்லியிருக்கிறது. பக்கம் அறுபத்துமூன்றில் அந்தப் பெண்ணின் விளக்கக் கடிதம், நாலே வரி. நான் எழுதியதை அது படிக்கவில்லை. அது மொழிபெயர்த்ததை அதுவே படித்து எந்திரம் எழுதியது என்கிறது. அதை எழுதியது அதுதான். என் கிணறுகளை யாராவது படிக்க வேண்டும். கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு, விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. அதன் கீழே பச்சையில் என் கையெழுத்து.

என் கையெழுத்து. க வளைந்து, மருதமுத்து முழுசாக விழாமல், கடைசியில் ஒரு இழுப்பு. போட்டது எப்போது என்று நினைவில்லை. தேதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எண்பது கோப்பு போட்டேன், காரில் வைத்துக் கொஞ்சம், வீட்டில் கொஞ்சம். தண்ணீரை எடுத்தேன். தம்ளர் வாய்க்கு வரவில்லை, மீசைக்குப் போனது. தங்கபுஷ்பம் பார்க்கிறார். வக்கீல், சிண்டிகேட்டில் நாலாவது வருஷம், எதையும் விடாத கண். "என்னய்யா, சுகர் எறங்கிட்டா? முந்திரி எடுங்க" என்றார் மெதுவாக. இல்லம்மா என்றேன். பொருள் பத்து. எதையோ வாசிக்கிறார். இந்தக் கருவியை இதே அறையில்தான் லெனின்ராஜா காட்டினார், கணினி மையத் தலைவர், இதோ மேசைக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார், நல்ல மனுஷன், திரையில் பட்டைபட்டையாக நிறம். "ஐயா, இதுக்கு அப்பா பேரு தெரியாது, ஊரு தெரியாது, யாரு ஃபோன் பண்ணாலும் எடுக்காது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் முதலில் கை தட்டினேன். சாதி இல்லை, சிபாரிசு இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன கமிட்டிகள் எதற்கு, நாலு கிழவன்கள் உட்கார்ந்து ஒரு பையனின் தலையெழுத்தை எழுதுவது எதற்கு என்று பேசினேன். அன்றைக்கே முறையீட்டுக் குழுவைக் கலைத்தேன். கருவி சொன்னால் ரத்து, சிண்டிகேட் ஏற்கும், அவ்வளவுதான். எங்கே செய்த கருவி என்று கேட்டேனா. கேட்கவில்லை. அதற்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேனா. தெரியும் என்றார்கள். எல்லா மொழியும் தெரியும் என்றார்கள். தெரிவது என்றால் என்ன என்று கேட்கவில்லை.

முறையீட்டுக் குழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று, மார்ச், வெயில். எனக்கு இருபத்தேழு. வேதியியல் ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதியிருந்தேன், வேறு எதில் எழுதுவது அன்றைக்கு. பள்ளிக்கூடம் தமிழில் படித்தவன், கல்லூரியில் மூன்று வருஷம் அகராதியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவன். நெறியாளர் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதிக் கொடுத்தா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்கிற மாதிரி. நான்தான் சார். "உன் வீட்ல யார் படிச்சிருக்கா?" யாரும் இல்லை சார். "அப்போ யார் எழுதினா?" அந்தக் கேள்வி அப்படியே மேலே போனது. மூன்று பேர் குழு. ஒருத்தர் டை கட்டியிருந்தார், ஒருத்தர் பேசவே இல்லை, ஒருத்தர் வெற்றிலை. நாற்காலி சொல்லவில்லை. நின்றேன், மூன்று மணி நேரம், முழங்காலுக்குப் பின்னால் வியர்வை ஓடியது. நாற்பது வருஷமாக நான் சுமந்தது அந்த நிற்பைத்தான். பேச்சுகளில் சொல்லியிருக்கிறேன், பெயர் சொல்லாமல். வெள்ளைக்காரன் போனான், நிற்க வைக்கிற புத்தி போகவில்லை என்று. கைதட்டல் வரும். அதற்கப்புறம் என்ன நடந்தது. சொல், என்ன நடந்தது. டை கட்டினவர் ஆய்வேட்டின் நூற்றுப் பதினாறாம் பக்கத்தைத் திருப்பினார். இந்த வாக்கியத்தை ஏன் இப்படி எழுதினாய், அந்தப் படிகம் ஏன் மஞ்சளாக மாறவில்லை. சொன்னேன். ஏன் இரண்டாம் தடவை சூடாக்கினாய். சொன்னேன். அடுப்பு அணைந்துவிட்டது சார், அதனால். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெற்றிலைக்காரர் சிரித்தார், "அடுப்பு அணைஞ்சதை எவனும் எழுதிக் குடுக்க மாட்டான்" என்றார். அவ்வளவுதான். நீ எழுதியதுதான், போ. அந்த மூன்று பேர் என் ஆய்வேட்டை முழுசாகப் படித்திருந்தார்கள். நூற்றுப் பதினாறாம் பக்கம் வரை படித்தவன் உட்காரச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது, படித்தான் என்பது உறைக்கவில்லை. நின்றது ஞாபகம் இருந்தது. காப்பாற்றினது மறந்துவிட்டது. அந்தக் குழுவைத்தான் கலைத்தேன். கால் வலித்தது என்பதற்காகக் கலைத்தேன். நாற்பது வருஷம் கழித்து, ஒரு பச்சைக் கையெழுத்தில். நாற்காலி போடச் சொல்லியிருந்தால் போதும். நாலாவதாக ஒரு நாற்காலி.

சரி, பதினாலு வரட்டும். வரும்போது நிறுத்துவேன். என்ன சொல்வது. ஒத்திவைக்கிறேன் என்பதா. தப்பு என்பதா. துணைவேந்தர் தன் கையெழுத்தைத் தப்பு என்று சொல்லி இந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. லெனின்ராஜா முகம் சிவக்கும், கருவி வேறு வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம், பேப்பர்காரன் எழுதுவான், காலனிய நீக்கம் காலை வாரியது என்று தலைப்புப் போடுவான், தலைப்பில் அவனுக்கு ஒரு குஷி. போடட்டும். ஆறு மாசத்தில் போகப்போகிறவன் நான். அவள் போக முடியாது. திருட்டு என்று ரத்தானால் வேறு பல்கலைக்கழகமும் பதியாது, அஞ்சு வருஷம் நடந்தது கிணற்றோடு போச்சு. அந்தப் பெண்ணை எங்காவது பார்த்திருக்கிறேனா. பார்த்திருக்க மாட்டேன். எத்தனை கிணறு இருக்கும் முப்பத்துநாலு ஊரில். இந்தக் கருவியால் இன்னும் எத்தனை பேர். இந்த நினைப்பு வந்ததும் பிடரியில் ஏசி இல்லை, வேறு எதுவோ. போன கூட்டத்தில் ரெண்டு இருந்தது. அதற்கு முந்தின கூட்டத்தில். அதிலெல்லாம் ம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தேன். ஜெபசிங் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அவர் விரல் வெகு தூரம் தள்ளி இருந்தது. "பொருள் பதினாறு" என்றார்.

"பதினாறா?" என்றேன். "ஆமாய்யா. பதினொண்ணுலருந்து பதினஞ்சு வரைக்கும் வழக்கமானதுதான், மொத்தமா எடுத்துக்கலாமான்னு கேட்டேன். ஐயா ம்னு சொன்னீங்க." சொன்னேனா. சொல்லியிருப்பேன். வாய் தானாகச் சொல்லும், தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று வீட்டில் சொல்வாள். உள்ளே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவன் வெளியே ம் சொல்லியிருக்கிறான். எந்தப் பொருளுக்காகத் தவித்தேனோ அதற்கே ம். கருவியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. அதாவது இங்கிலீஷாக்கியாவது படித்தது. "பதினாலை எடுங்க" என்றேன். ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்ச பொருளை ஆறு மாசத்துக்குத் தெறக்க முடியாதுய்யா. சட்டவிதி." எடுங்கய்யா என்றேன், குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. வடைத் தட்டுப் பக்கம் சத்தம் நின்றது. தங்கபுஷ்பம் பேனாவால் மேசையைத் தட்டினார். "பதிவாளர் அண்ணாச்சி, தீர்மானப் புத்தகத்துல தலைவர் கையெழுத்து விழுந்தாத்தான் பொருள் முடியும். ஐயா இன்னும் பேனா மூடியையே கழட்டலை. நீங்க அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டீங்களே." ரெண்டு பேர் சிரித்தார்கள். ஜெபசிங் சிரிக்கவில்லை. நான் லெனின்ராஜாவைப் பார்த்தேன். "இந்தக் கருவி இதுவரைக்கும் எத்தனை பேரை அடிச்சிருக்கு?" "ஒம்பதுங்கய்யா. இவங்களோட பத்து." "அதுல தமிழ்ல எழுதினவங்க?" அவர் மடிக்கணினியைத் திறந்தார். தட்டினார். திரையில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன், பொய் சொல்லத் தெரியாத முகம், அதில் ரத்தம் இறங்கியது. "பத்தும்தான்" என்றார். "அந்த ஒம்பது பேரும் படிப்பை விட்டுட்டுப் போயிட்டாங்களாய்யா?" இது அவர் என்னைக் கேட்டது. என்னைக் கேட்டால். நான் ம் சொன்னவன்.

எழுதுங்க ஜெபசிங் என்றேன். பொருள் பதினாலு நிராகரிக்கப்பட்டது. கருவி நிறுத்தப்பட்டது. ஒன்பது பேருக்கும் கடிதம், வரச்சொல்லி. கையெழுத்துப் போட்டது நான், பார்க்காமல் போட்டேன், தப்பு, அதையும் எழுதுங்க. "அதையுமாய்யா?" அதையும்தான். அவர் எழுதவில்லை, பேனா நின்றுகொண்டிருந்தது. பிறகு, "அந்தப் பொண்ணு வெளியதான்யா உக்காந்திருக்கு. காலையிலருந்து. போகச் சொன்னேன், போகலை" என்றார். கூப்பிடுங்கய்யா. வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும், வெயிலில் நடந்த நிறம், கையில் ஆய்வேடு, கனமான கட்டு. லெனின்ராஜா எழுந்து தன் நாற்காலியைத் தள்ளினார். உட்கார்ந்தாள், வணக்கம் சொல்ல மறந்துவிட்டாள், நல்லது. "ரத்து இல்லைம்மா" என்றேன். தலையாட்டினாள். சந்தோஷமாகத் தெரியவில்லை. "அப்போ யாருய்யா மதிப்பிடுவாங்க?" என்றாள். ஆட்கள் என்றேன். "எந்த ஆட்கள்? எங்க நெறியாளரே இங்கிலீஷ்ல சுருக்கம் குடுன்னுதான் கேட்டாங்க. ஐயா சுற்றறிக்கையைப் பாத்து நான்தான் தமிழ்ல எழுதுறேன்னு அடம்பிடிச்சேன்." குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இங்க யாராவது படிச்சீங்களா?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பதினொரு பேரும் அவரவர் காகிதத்தைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம்கூடப் பார்த்தார். "நான் படிக்கலைம்மா" என்றேன். "நாலு நாளாச்சும் எடுத்துக்கோங்கய்யா. நடந்தது இருநூத்திப் பன்னெண்டு கிணறு." கொண்டா என்றேன். இப்பவே. முதல் பக்கமாவது.

எழுத்து பெரிது. எளிய வாக்கியங்கள். தேரி மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லையாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல வரி. படித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் இரு நீரும் தொடும் எல்லைப்பரப்பு நாற்பது அடி மேலே வரும். நின்றேன். எல்லைப்பரப்பு. ஒன்றும் பிடிபடவில்லை. எல்லை தெரியும், பரப்பு தெரியும். மறுபடி படித்தேன், உள்ளே எதுவோ சுற்றியது, சட்டென்று ஒரு சொல் வந்து விழுந்தது, இன்டர்ஃபேஸ். ஓ, இன்டர்ஃபேஸ். புரிந்துவிட்டது. வாட்டர் டேபிள் ஒரு அடி இறங்கினால் இன்டர்ஃபேஸ் நாற்பது ஏறும், சரிதான், அடர்த்தி வித்தியாசம். அப்போதுதான் பார்த்தேன். முதல் வரியை எப்படிப் படித்தேன். வில்லை என்றதும் லென்ஸ் என்று மாற்றிக்கொண்டுதானே நல்ல வரி என்றேன். ஒரு வரியையும் விடவில்லை. தமிழைக் கண்ணால் வாங்கி, உள்ளே இங்கிலீஷாக்கி, அந்த இங்கிலீஷைத்தான் தலையாட்டி ஏற்றிருக்கிறேன். முதலில் ஆங்கிலமாக்கப்பட்டு, பின் பரிசோதிக்கப்பட்டது. கருவிக்கு ஒப்பந்தம் போட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். எனக்கு எப்போது போட்டார்கள். அங்கியைக் கழற்றினேன், தடியை எடுத்தேன், இதை எங்கே தொடுவது, இது எங்கே இருக்கிறது. கையைக் கட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். "புரியுதாய்யா?" என்றாள் முத்துப்பேச்சி. உண்மையிலேயே கேட்டாள், சோதிக்கவில்லை, ஒரு ஆளாவது கிடைத்தானா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். மேசையே என்னைப் பார்த்தது. புரிகிறது என்று சொல்வது எனக்குச் சுலபம். இந்த வாய் அதற்கென்றே பழகிய வாய். "இங்கிலீஷாக்கித்தாம்மா புரியுது" என்றேன். ஜெபசிங்கின் பேனா நகர்ந்தது, இதையும் எழுதுகிறாரோ என்னமோ. அவள் எழுந்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, இரண்டாம் வரியில் விரலை வைத்தாள். "நாளூர்க் கெணத்துல காலைல மூணு குடம் எறைச்சா சாயங்காலம் உப்புக் கரிக்கும்யா. நடுவுல ஒரு கோடு இருக்கு, கெணத்துக்குள்ள. மேல நல்ல தண்ணி, கீழ கடல். அந்தக் கோடு ஏறுறதைத்தான் சொல்றேன்." கோடு. இறைக்க இறைக்க மேலே வருகிற கோடு. ஒரு நொடி அதை மட்டும் பார்த்தேன், தண்ணீருக்குள், சொல் எதுவும் வரவில்லை. "அடுத்த வரி" என்றேன்.